பன்னிரண்டு வயதுச் சாட்சி

வட இத்தாலியில் கார்டா என்று ஓர் ஏரி இருக்கிறது. மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் அந்த ஏரியில் காற்றுக்குக்கூட முறை உண்டு. விடியற்காலையில் வடக்கேயிருந்து வருவது பெலேர். பிற்பகலில் தெற்கேயிருந்து வருவது ஓரா. முறை தப்பி, மலைக்குப் பின்னாலிருந்து திடீரென்று புயல் மேகம் கிளம்பிவிடும் நாட்களும் உண்டு.

அப்படிப்பட்ட ஏரியில், தன்னந்தனியாகப் பலகைமேல் நின்று, பாயைக் கையில் பிடித்தபடி ஒருவன் போகிறான். பலகைக்குச் சுக்கான் கிடையாது. பாய்மரத்தைப் பின்னால் சாய்த்தால் பலகை காற்றை நோக்கித் திரும்பும். முன்னால் சாய்த்தால் காற்றைவிட்டு விலகும். பெருங்காற்று அடித்தால் பாயை விட்டுவிட வேண்டியதுதான். பாய் தண்ணீரில் விழும், பலகை மிதக்கும், அதைப் பற்றிக்கொண்டு அவனும் மிதக்கலாம். பாய்மரத்தின் அடியில் எந்தப் பக்கமும் சாயும்படி ஒரு மூட்டு இருப்பதால்தான் இந்தச் சௌகரியம்.

இந்த விளையாட்டுச் சாமான் யாருடையது என்று ஒரு வழக்கு நடந்தது. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு, நான் எழுதிய எந்தக் கதையையும்விட அது சுவையாகப்பட்டது.

கலிபோர்னியாவில் ஜிம் டிரேக் என்ற விமான இஞ்ஜினீயரும் ஹாயில் ஷ்வைட்சர் என்பவரும் நண்பர்கள். 1967-ல் டிரேக் இப்பலகையைக் கடலில் ஓட்டிப் பார்த்தார். 1968-ல் பேட்டண்டுக்கு மனுப் போட்டார்கள், 1970-ல் கிடைத்தது. பிற்பாடு டிரேக் தம் பங்கை ஷ்வைட்சருக்கே விற்றுவிட்டார். ஐரோப்பாவில் வியாபாரம் அமோகமாக நடந்தது. போட்டிக் கம்பெனிகள் முளைத்தன. கூடவே வழக்குகளும் முளைத்தன.

1980-களில் பிரிட்டிஷ் அப்பீல் கோர்ட்டு வரை போன வழக்கில், எதிர்த் தரப்பார் இரண்டு சாட்சியங்களைக் கொண்டுவந்தார்கள். ஒன்று, 1965-ல் 'பாப்புலர் சயன்ஸ்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வந்த கட்டுரை. எழுதியவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த நியூமன் டார்பி. பெயர்ப் பலகை எழுதும் தொழிலாளி. மனைவி நவோமியுடன் 1964-லேயே இப்படி ஒரு பலகையைச் செய்து ஓட்டியவர். அவர் தொடங்கிய வியாபாரம் நிலைக்கவில்லை.

மற்றது இதைவிட விசித்திரம். பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவன் 1958-ல், பன்னிரண்டாம் வயதில், இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவருகே தானே செய்த பாய்ப் பலகையை இரண்டு கோடைக் காலம் ஊரார் பார்க்க ஓட்டியிருக்கிறான்! பேட்டண்டில் சொல்லியிருந்தபடி பாயைப் பிடிக்கும் கட்டைகள் வில்லாக வளைந்தவை; சிறுவனுடையவை நேரானவை. அதனால் அவை வேறு என்று வாதாடினார்கள். காற்று நிறைந்ததும் அவையும் வில்லாகத்தானே வளைந்தன என்றது கோர்ட்டு. பேட்டண்டு செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

ஷ்வைட்சர் மோசடிக்காரர் அல்லர். அவர் ஊர் ஊராக விற்றிராவிட்டால், 1984-ல் இது ஒலிம்பிக்ஸில் ஏறியிருக்குமா என்பது சந்தேகமே. பரப்பியவனுக்கு லாபம் உண்டு, அது நியாயம். ஆனால், பிறர் ஏற்கெனவே நடந்துபோன வழியில் வேலி கட்டும் உரிமை அவனுக்கு உண்டா? அதைத்தான் கோர்ட்டு மறுத்தது.

அந்தச் சிறுவனுக்குத் தீர்ப்பினால் ஒரு காசும் கிடைக்கவில்லை. இரண்டு கோடை விளையாடினான். அந்த விளையாட்டு, அவன் வளர்ந்து பெரியவனான பிறகு, எல்லோருக்கும் வழியைத் திறந்துவிட்டது.