பருத்திக் காட்டின் கோவேறு கழுதை: அமெரிக்கத் தென்மாநிலங்களில் உடைமையும் வாரமும்

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை, அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திச் சாகுபடியை ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தாங்கி நின்ற உழவு விலங்காகும். வெயிலைப் பொறுப்பது, அளவறிந்து தின்பது, குறுகிய குளம்பால் செடி மிதிபடாமல் சாலுக்குள் நடப்பது என அதன் குணங்கள் பலவாறு பாராட்டப்பட்டிருப்பினும், அது யாருடைய தொழுவத்தில் நின்றது என்பதே வேளாண் வரலாற்றுக்கு முதன்மையான வினா.

ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1785இல் அனுப்பிய ‘ராயல் கிஃப்ட்’ என்னும் பொலிகழுதையைக் கொண்டு ஜார்ஜ் வாஷிங்டன் தம் மவுண்ட் வெர்னான் பண்ணையில் இனப்பெருக்கத்தைத் தொடங்கினார். 1799இல் அவர் இறந்தபோது அங்கு ஐம்பதுக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகள் இருந்தன. பின்னர் கென்டக்கி, டென்னசி, மிசௌரி ஆகியவை இத்தொழிலின் மையங்களாயின. குதிரையின் 64 குரோமோசோம்களுக்கும் கழுதையின் 62க்கும் இடைப்பட்டு 63 பெற்றிருப்பதால் கோவேறு கழுதை பொதுவாக ஈனுவதில்லை. ஆகவே பசுவையோ குதிரையையோ போல அதைத் தொழுவத்திலேயே பெருக்கிக்கொள்ள இயலாத பருத்தி உழவர், ஒவ்வொரு தலைமுறை விலங்கையும் சந்தையில் விலைகொடுத்தே வாங்க வேண்டியதாயிற்று. கையில் காசில்லாதவருக்கு அது கடனாகவே வந்து சேர்ந்தது.

உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 ஜனவரியில், தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணை விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை ஒதுக்கியது. ஆணையில் இல்லாத கோவேறு கழுதையை மக்கள் பேச்சு அதனுடன் சேர்த்துக்கொண்டது. உழ விலங்கின்றி நிலம் மட்டும் கிடைத்துப் பயனில்லை என்பதை உழைத்தவர்கள் அறிந்திருந்தனர். அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தின் பெரும்பகுதியைப் பழைய உடைமையாளருக்கே திருப்பிவிட்டார். அதன்பின் வேரூன்றிய வார முறையில், விலங்கும் கருவியும் நிலக்கிழாருடையவையாயின் வாரக்குடி விளைச்சலில் பாதியை அளந்தான். சொந்தமாகக் கோவேறு கழுதை வைத்திருந்தவனோ, பெரும்பாலும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒன்றும் பருத்தியில் நான்கில் ஒன்றும் தந்தால் போதுமானதாக இருந்தது. ஒரு விலங்கு இந்த வேறுபாட்டை உண்டாக்கியதால்தான் கடன் கொடுத்த வணிகர் அதையே முதலில் அடமானமாகக் கேட்டனர்.

அலபாமாவின் ரீல்டவுனில் 1932 டிசம்பரில் நிகழ்ந்த மோதல் இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. கிளிஃபர்ட் ஜேம்ஸ் என்ற கறுப்பின உழவரின் கால்நடைகளைக் கடனுக்காக ஜப்தி செய்ய அதிகாரி வந்தபோது, வாரக்குடிகள் சங்கத்தைச் சேர்ந்த நெட் காப் முதலானோர் மறித்து நின்றனர். துப்பாக்கிச் சூட்டில் காயமுற்ற காப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார், ஜேம்ஸ் காவலிலேயே இறந்தார். காப் சொல்ல, தியோடர் ரோசன்கார்டன் தொகுத்து 1974இல் வெளியிட்ட ‘ஆல் காட்ஸ் டேஞ்சர்ஸ்’ நூலில் அவர் ஓட்டிய கோவேறு கழுதைகள் தனித்தனிக் குணமுள்ள ஆட்களாகவே இடம்பெறுகின்றன. விலங்கைத் தொகையாக மட்டும் எண்ணும் அரசுக் கணக்குகளில் காணக்கிடைக்காத செய்தி இது.

1933இல் விலைச்சரிவைத் தடுக்க அரசு சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தியை உழுது அழிக்கச் செய்தது. செடியை மிதிக்கலாகாது என்று பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் பயிரின்மேல் நடக்க மறுத்தன என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அழித்த பயிருக்கு ஈடாக அரசு தந்த உதவித்தொகை பெரும்பாலும் நிலக்கிழார் கையிலேயே தங்கி, பல இடங்களில் டிராக்டராக மாறியது. சாகுபடிப் பரப்புக் குறைந்து இயந்திரமும் வந்தபின், விலங்கோடு வாரக்குடியும் வேண்டாதவனானான்.

பின்னாளில் கோவேறு கழுதையின் மரபு இரு வேறு இடங்களில் இரு வேறு விதமாக வெளிப்பட்டது. விற்றுப் பொருளீட்டிய மாநிலங்களில் அது பெருமைச் சின்னம்: டென்னசியின் கொலம்பியா நகரில் ஆண்டுதோறும் அதற்கு விழா எடுக்கப்படுகிறது, மிசௌரி 1995இல் அதை மாநில விலங்காக அறிவித்தது. கடன்பட்டு வாங்கிய பருத்திப் பகுதியிலோ, 1968 மே மாதம் ஏழை மக்கள் இயக்கத்தினர் மிசிசிப்பியின் மார்க்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளில், வேலையும் வருவாயும் கோரித் தலைநகர் வாஷிங்டனை நோக்கிப் புறப்பட்டனர்.