பூட்டும் இணைப்பும்: பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகளின் வரலாற்று ஒப்பீடு – தமிழாக்கப் பணியை முன்வைத்து

முன்னுரை

திண்டுக்கல் நகரின் அடையாளங்களுள் ஒன்று, 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு. சாவி உடையவரை அனுமதித்துப் பிறரைத் தடுப்பது பூட்டின் பணி. மென்பொருள் உருவாக்கத்தில் ஒரே கோப்பைப் பலர் திருத்துவதால் எழும் சிக்கலுக்கு முதலில் காணப்பட்ட தீர்வும் 'பூட்டு' என்றே பெயர் பெற்றது. அத்தீர்வு கைவிடப்பட்ட வரலாற்றையும், பின்வந்த முறைமைகளின் பொருத்தப்பாட்டையும், திண்டுக்கல் போன்ற ஊர்களில் இருப்போரும் பங்கேற்கத்தக்க கட்டற்ற மென்பொருள் தமிழாக்கத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பூட்டும் முறை

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ்., ஒரு கோப்பின் எல்லாப் பதிப்புகளையும் வேறுபாடுகளாகச் சேமித்தது. 1980களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி வடிவமைத்த ஆர்.சி.எஸ்., அண்மைப் பதிப்பை முழுமையாக வைத்து, பழையவற்றைப் பின்னோக்கிய வேறுபாடுகளாகச் சேமித்தது. இதனால் அன்றாடம் தேவைப்படும் பதிப்பு விரைவாகக் கிடைத்தது. இரண்டிலும் திருத்துபவர் முதலில் கோப்பைப் பூட்டிக்கொள்வார். அவர் திறக்க மறந்தால் பிறர் பணி தடைபடும். ஆகவே ஆர்.சி.எஸ். முறைமையில் பிறர் பூட்டை உடைக்கவும் வழி வைக்கப்பட்டது. உடைத்ததும் பூட்டியவருக்கு அஞ்சல்வழி அறிவிப்புச் செல்லும்.

இணைக்கும் முறை

ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் தம் மாணவர் இருவருடன் சி மொழிக்கான நிரல்பெயர்ப்பி ஒன்றை உருவாக்கிவந்தார். மூவரும் பணியாற்றும் நேரங்கள் ஒத்துவரவில்லை. அவரவர் படியில் திருத்திப் பின்னர் இணைக்கும் சி.வி.எஸ். இத்தேவையிலிருந்து பிறந்து 1986இல் வெளியானது. பல கோப்புகளில் செய்த மாற்றம் இடையில் தடைபட்டால் பாதியளவே பதிவாகும் குறை அதில் இருந்தது. 2000இல் கொலாப்நெட் நிறுவனம் தொடங்கிய சப்வெர்ஷன் அக்குறையைக் களைந்தது. எனினும் இவ்விரண்டிலும் வரலாறு நடுவண் வழங்கியிலேயே இருந்தது. இணைய இணைப்பின்றி மாற்றங்களைப் பதிய இயலாது.

லினக்ஸ் கருநிரல் குழுவினர் பயன்படுத்திய பிட்கீப்பரின் இலவச அனுமதி விலக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் முறைமையைத் தொடங்கினார். மெர்க்குரியலும் அம்மாதமே தொடங்கப்பட்டது. இவற்றில் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். இணைப்பு அறுந்தாலும் பணி தொடரும் என்பதால், இணைய வசதி குறைந்த ஊர்களில் இருப்போருக்கு இது பெரும் வாய்ப்பாகும்.

தமிழாக்கப் பணியில் ஒப்பீடு

இவ்வரலாற்றைப் பூட்டிலிருந்து கிட் வரையிலான நேர்க்கோட்டு வளர்ச்சியாகக் கருதுவது பொருந்தாது. குனோம் திட்டம் 2009இல் சப்வெர்ஷனிலிருந்து கிட் முறைமைக்கு மாறியது. 2005இல் சப்வெர்ஷனை ஏற்ற கேடிஈ திட்டமும் பின்னர் நிரல்களைக் கிட் முறைமைக்கு மாற்றியது. மொழிபெயர்ப்புக் கோப்புகளையோ சப்வெர்ஷனிலேயே வைத்துக்கொண்டது. சப்வெர்ஷனில் ஓர் அடைவை மட்டும் தனியே இறக்கிக்கொள்ளலாம். எனவே தமிழாக்குநர் ஏனைய மொழிகளின் கோப்புகளையோ பல்லாண்டு வரலாற்றையோ இறக்க வேண்டியதில்லை. கிட் முறைமையின் இயல்பான படியெடுப்பில் களஞ்சியம் முழுவதும் வந்துசேரும். இணைப்பு அடிக்கடி அறுபடும் இடத்தில் கிட் உதவுகிறது. இறக்கும் அளவு குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் சப்வெர்ஷன் உதவுகிறது.

எம்முறைமையாலும் தீராத சிக்கலும் ஒன்றுண்டு. ஒரே வரியை இருவர் வெவ்வேறாகத் திருத்தினால் முறைமை அம்முரணைச் சுட்டும். ஆனால் ஒருவர் ஒரு கோப்பில் 'அடைவு' எனவும், மற்றொருவர் வேறொரு கோப்பில் அதே பொருளுக்குக் 'கோப்புறை' எனவும் எழுதினால் இரண்டும் தடையின்றி இணையும். முரண் பயனரின் திரையில்தான் வெளிப்படும்.

முடிவுரை

பூட்டும் முறை, ஒருவர் முடித்தபின் மற்றவர் தொடங்கும் ஒழுங்கைக் கருவியின் வழியே நிலைநாட்டியது. இணைக்கும் முறை அத்தடையை நீக்கி, உடன்பாட்டைப் பங்கேற்பாளரின் பொறுப்பாக்கியது. ஆதலின் தமிழாக்கக் குழுக்கள் முறைமையைத் தெரிவுசெய்யுமுன் பொதுச் சொற்பட்டியல் ஒன்றை வகுத்து, அதையும் பதிப்புக் கட்டுப்பாட்டின்கீழ் பேணுதல் இன்றியமையாதது. வரிகளின் முரணைக் கருவி காட்டும்; சொற்களின் முரணைக் குழுவே தீர்க்க வேண்டும்.