மயக்கம்

உறையூரை அடுத்த புத்தூர் அரசு மருத்துவமனையானாலும் தில்லைநகரின் தனியார் மருத்துவமனையானாலும், அனஸ்தீசியாவுக்கு நம் மக்கள் சொல்லும் பெயர் மயக்கம். மயங்கு என்பதே வேர். கலத்தல், தெளிவிழத்தல் இரண்டும் அதன் பொருள். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்பவை முதற்பொருளில் வருபவை. 1846இல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் முன்மொழிந்த அனஸ்தீசியா என்ற கிரேக்க வழிச் சொல்லுக்கோ உணர்வின்மை என்று பொருள். முதுகில் ஊசி போட்டுச் சிசேரியன் செய்யும்போது தாய் விழித்தே இருக்கிறாள். ரசீதில் மட்டும் 'மயக்கக் கட்டணம்'.

இந்தச் சொல், கட்டணம் அந்த ஓர் ஊசிக்கே என்று எண்ணவைக்கிறது. ஆனால், அமெரிக்க பில்களுக்காகச் சிகிச்சைகளுக்குக் குறியீடு இடும் மெடிக்கல் கோடிங்கில், மயக்கத்தைத் தொடங்கிவைப்பதற்குத் தனி விலை கிடையாது. நோயாளியை ஆயத்தப்படுத்துவது முதல், அறுவைக்குப்பின் பிறர் பொறுப்பில் பாதுகாப்பாக ஒப்படைப்பது வரையான நேரம், பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஓர் அலகாக, அந்தந்த அறுவைக்குரிய அடிப்படை அலகுகளோடு கூட்டப்படுகிறது. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் விடாமல் கவனிக்கும் உழைப்புக்கும் சேர்த்தே பணம். நாவில் ஊறிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும் என்பார்கள். பேச்சில் மாற்ற வேண்டாம். முழு நினைவிழப்புக்கு அது பொருந்தவும் செய்கிறது. ரசீதில் மட்டும் 'உணர்வகற்றலும் கண்காணிப்பும்' என்று எழுதி, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறிக்கட்டும்.