இருபத்து மூன்று பிராங்க்

பழம்பொருள் ஒன்றிற்கு நேரிய விலை யாது? சுவடிகளோடு பழகியவர்க்கு இவ்வினா புதிதன்று. ஒரே காலத்து ஓலைகள் இரண்டில், எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் கடைசி ஏட்டில் வாய்க்கப்பெற்ற சுவடிக்கே மதிப்பு மிகுதி. கவிஞர்கள் நிறைந்த இம்மலரில் கைத்துப்பாக்கியின் விலையை ஆராய்வது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இத்துப்பாக்கியை வாங்கியவர் ஒரு கவிஞர். அதனால் காயமுற்றவரும் ஒரு கவிஞரே.

1873 ஜூலை 10ஆம் நாள் காலை, பிரெஞ்சுக் கவிஞர் போல் வெர்லேன், பிரஸ்ஸல்ஸ் நகரில் கண்ணாடிக் கூரையிட்ட கடைவீதியில் இருந்த மோந்திஞி என்னும் துப்பாக்கிக் கடைக்குச் சென்றார். லெஃபோஷே வகையைச் சேர்ந்த, ஆறு தோட்டாக்கள் கொள்ளும் 7 மில்லிமீட்டர் சுழல்துப்பாக்கி ஒன்றை 23 பிராங்குக்கு வாங்கினார். ஒரு பெட்டித் தோட்டாக்களும் பெற்றார். அத்தோட்டாவின் விளிம்பருகே சிறு ஊசி ஒன்று துருத்தி நிற்கும். துப்பாக்கியின் சுத்தியல் அவ்வூசியை அடிக்க, உள்ளிருக்கும் மருந்து பற்றும். அன்று பிற்பகல் விடுதி அறையில், தம்மைப் பிரிந்து செல்லத் துணிந்த பதினெட்டு வயது ஆர்தர் ரம்போவை அவர் இருமுறை சுட்டார். ஒரு குண்டு இடது மணிக்கட்டில் பாய்ந்தது, மற்றொன்று தவறியது. ரம்போ வழக்கைக் கைவிட்ட பின்னரும் வெர்லேனுக்கு ஈராண்டுச் சிறையும் 200 பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. துப்பாக்கியின் விலையினும் அபராதம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு!

பின்னாளில் கருவி கடைக்கே திரும்பியது. கடை மூடப்பட்டபோது, 1981இல், சேகரிப்பாளர் ஒருவர் கைக்குச் சென்றது. 2016 நவம்பர் 30 அன்று பாரிசில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அதனை ஏலத்திற்கு விட்டது. எதிர்பார்த்த விலை 50,000 முதல் 60,000 யூரோ. விற்ற விலையோ 4,34,500 யூரோ.

இது தகுமா? கதை ஏதும் சாராத அதே வகைத் துப்பாக்கி சில நூறு யூரோவுக்கே கிடைக்கும். அதன் தோட்டாக்களும் வழக்கொழிந்தவை. சுடுவதற்கன்று, சிதையாத பெட்டிக்கும் முகப்புத் தாளுக்குமே சேகரிப்பாளர் விலை தருவர். ஆகவே எஞ்சிய தொகை முழுவதும் இரும்புக்கன்று, சான்றுக்கே உரியது. 14096 என்னும் வரிசை எண் கடையின் பதிவேட்டில் உள்ளது; வெர்லேன் அங்கு வாங்கிய செய்தி வழக்கு ஆவணங்களில் உள்ளது. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்குவதால் எதிர்பார்த்த விலையை நேரியதென்றே கொள்வேன். அதற்குமேல் ஏறியது ஏலக்காரர் போட்டி. அதனைக் கவிதைக்குக் கிடைத்த சிறப்பாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. காரணம் உண்டு.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், அதே பிரஸ்ஸல்சில், ரம்போவின் ‘நரகத்தில் ஒரு பருவம்’ 500 படிகள் அச்சாயிற்று. அச்சுக்கூலியை முழுதும் செலுத்த அவரால் இயலவில்லை. சில படிகளே அவர் கைக்கு வந்தன. ஏனையவை 1901இல் கண்டெடுக்கப்படும் வரை அச்சகக் கிடங்கிலேயே கட்டுக்கட்டாகக் கிடந்தன.

கவிதையைத் துறந்த ரம்போ பிற்காலத்தில் தாமே துப்பாக்கி வணிகரானார். ஐரோப்பியப் படைகள் கழித்துவிட்ட சுமார் 2,000 பழந்துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் ஒட்டக வரிசையில் ஏற்றி, 1887இல் எத்தியோப்பியாவின் ஷோவா நாட்டு மன்னர் மெனலிக்கிடம் கொண்டு சேர்த்தார். மன்னர் விலையைக் குறைத்தார். இறந்துபோன வணிகக் கூட்டாளியின் கடன்களையும் அதில் கழித்துக்கொண்டார்.