ப்ளூ பிரிண்ட்: நகல் மூலமான கதை

வினாத்தாளில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று வகுக்கும் அட்டவணையைத் தமிழக ஆசிரியர்கள் ப்ளூ பிரிண்ட் என்கிறார்கள். அரசுத் திட்டங்களைப் பற்றி எழுதும் நாளேடுகளும் அதே சொல்லைத்தான் எடுக்கின்றன. இரண்டிலும் பொருள் ஒன்றே: வேலைக்கு முன்பே உருவான மூலத் திட்டம். ஆனால் சொல் பிறந்த இடத்தில் அது மூலமே அல்ல, நகல். 1842இல் ஜான் ஹெர்ஷெல் இரும்பு உப்புகளைக் கொண்டு கண்டறிந்த ஒளிப்பட முறை அது. உப்புக் கரைசல் பூசிய தாளின் மேல், ட்ரேசிங் துணியில் மையால் வரைந்த படத்தை வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் நீலமாக நிலைத்துவிடும். மைக்கோடு மறைத்த இடத்து உப்பு தண்ணீரில் கரைந்துபோக, அங்கே வெள்ளைக் கோடு எஞ்சும். அதுவரை ஒவ்வொரு படியையும் ஒருவர் உட்கார்ந்து கையால்தான் வரைய வேண்டியிருந்தது.

நகலின் பெயர் மூலத்துக்கு எப்படி ஏறியது? அந்தப் பெயரை ஊரறியச் செய்தவர்கள் படத்தை வரைந்தவர்கள் அல்ல, வாங்கிப் பார்த்தவர்கள் என்பதே என் வாதம். ட்ரேசிங் துணி வரைபட அலுவலகத்தின் அலமாரியை விட்டு எளிதில் வெளியே வராது. கொத்தனாருக்கும் லேத் பட்டறைக்காரருக்கும் கைக்கு வந்தது நீலத்தாள்தான். அவர்களுக்கு அதுவே கட்டளை. அதைத் திருத்தவே முடியாது என்றில்லை. சோடாக் கரைசலைத் தொட்டு எழுதினால் நீலம் வெளுத்துக் கோடு விழும். ஆனால் அந்தத் திருத்தம் அந்த ஒரு தாளோடு சரி, மூலத்தை எட்டாது. கழுவி உலர்த்திய தாள் சுருங்கும் என்பதால் அதன்மேல் ஸ்கேல் வைத்து அளப்பதும் ஆபத்து. எழுதியிருக்கும் அளவைத்தான் நம்ப வேண்டும். எதையும் கழுவி எடுக்காத இன்றைய வரைபடங்களின் ஓரத்திலும் இந்த எச்சரிக்கை அச்சாகிறது.

வெறும் பழக்கத்தால்தான் சொல் நிலைத்தது என்று இதை மறுக்கலாம். பழக்கம் மட்டுமே போதுமென்றால், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நீலத்தாளை ஓரங்கட்டிய அம்மோனியா பிரிண்ட்டும் உருவகமாகியிருக்க வேண்டும். அதுவும் பல பத்தாண்டுகள் புழங்கியது. அதன் நெடியை மறந்தவர் இருக்க மாட்டார்கள். ஆனாலும் எந்த அமைச்சரும் தம் திட்டத்தை அம்மோனியா பிரிண்ட் என்று சொன்னதில்லை! அதற்குள் பழைய சொல் இடம்பிடித்துவிட்டது என்பது பாதி பதில்தான். வெள்ளைத் தாளில் நிறக்கோடாக வந்த அம்மோனியா பிரிண்ட் மூலத்தைப் போலவே தோன்றியது. நீலத்தாளோ பார்த்தவுடனே தன்னைத் தனியாகக் காட்டிக்கொண்டது. 1982இல் ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருள் வந்தபின் கோப்புக்கும் அதன் படிக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடே இல்லை. ஆகவே எந்தப் படத்தை நம்பிக் கட்டலாம் என்பதைத் திருத்த எண்ணும் முத்திரையும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படி முத்திரையோடு சைட்டுக்கு வருவதை நம் பொறியாளர்கள் ஜி.எஃப்.சி. (குட் ஃபார் கன்ஸ்ட்ரக்‌ஷன்) டிராயிங் என்கிறார்கள்.