பொன்னிறம் ஒன்று, பூச்சு முறை இரண்டு

லேத்திலும் மில்லிங் மெஷினிலும் மாட்டும் கார்பைடு இன்செர்ட்டுகள் பலவற்றில் மின்னும் பொன்னிறம், டைட்டானியம் நைட்ரைடு தருவது. சிவிடி எனப்படும் வேதி ஆவிப் படிவிலும் அதைப் பூசலாம். பிவிடி எனப்படும் இயற்பியல் ஆவிப் படிவிலும் பூசலாம். நிறம் ஒன்றானாலும் குணம் வேறு. அதற்குக் காரணம் பூசும்போது இருக்கும் வெப்பநிலை.

சிவிடி உலையில் சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பம். டைட்டானியம் டெட்ராகுளோரைடு, நைட்ரஜன், ஹைட்ரஜன் வாயுக்கள் சூடான கார்பைடின் மேல் வினைபுரிந்து பூச்சாகப் படிகின்றன. பூச்சு நன்றாகப் பற்றிக்கொள்ளும். 20 மைக்ரான் வரைகூடக் கனமாகப் பூசலாம். அடியில் தேய்மானத்தைத் தாங்கும் டைட்டானியம் கார்போநைட்ரைடு, நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் அலுமினா, மேலே பொன்னிற நைட்ரைடு என்று அடுக்குவது வழக்கம். இதற்கு ஒரு விலை உண்டு. ஆறும்போது கார்பைடைவிடப் பூச்சு அதிகம் சுருங்குவதால் அதில் இழுவிசை தங்கி, நுண்விரிசல்கள் விழுகின்றன. ஆகவே வெட்டுமுனையை முன்கூட்டியே சற்று மழுக்கிவிடுகிறார்கள்.

பிவிடியில் வேலை நடப்பது வெற்றிட அறையில், பெரும்பாலும் 400 முதல் 600 டிகிரிக்குள். மின்வில்லோ அயனி மோதலோ உலோகத்தை ஆவியாக்க, அது நைட்ரஜனோடு சேர்ந்து படிகிறது. சிவிடி வெப்பத்தில் கடினம் இழந்துவிடும் ஹைஸ்பீடு ஸ்டீல் டிரில்லுக்கும் இதில் பூசலாம். பூச்சு பொதுவாக 2 முதல் 5 மைக்ரான்தான். அதனால் முனை கூர்மையாகவே இருக்கும். பூச்சுக்குள் தங்கும் அமுக்க விசை விரிசல் பரவுவதைத் தடுக்கிறது. ஆனால் அந்த விசையே பூச்சைக் கனமாக்க விடாது; மீறினால் உரிந்துவிடும். ஆவி நேர்கோட்டில் பாய்வதால் கருவிகளைச் சுழற்றியபடி பூச வேண்டும். ஆழமான துளைக்குள் பூச்சு சரியாக எட்டாது. வாயு பரவும் இடமெல்லாம் படியும் சிவிடிக்கு இந்தச் சிக்கல் குறைவு.

எஃகையும் வார்ப்பிரும்பையும் இடைவிடாமல் வேகமாகக் கடையும்போது முனையில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அங்கே கனமான அலுமினா அடுக்குள்ள சிவிடி வெல்லும். மில்லிங்கில் பல் ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்தில் மோதி வெளியேறும். துருப்பிடிக்காத எஃகுக்குக் கூர்முனை வேண்டும். த்ரெட் வெட்டவும் அப்படியே. இந்த வேலைகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது பிவிடி.

இன்செர்ட் வாங்குபவர் நிறத்தை நம்ப வேண்டாம். தன் வேலை தொடர் வெட்டா, விட்டுவிட்டு வெட்டுவதா என்று முடிவு செய்துகொண்டு, பெட்டியில் அச்சிட்ட கிரேடைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்கட்டும்.