நகரும் நீர், நகராத வரையறை

இமயத்தில் கோடை தாண்டியும் கிடக்கும் பனியெல்லாம் பனியாறு ஆகிவிடாது. தன் எடையால் நகர வேண்டும். நகராதது வெறும் பனித்திட்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமியிலும் நீருக்கு வகைகள் உண்டு. குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய் என ஊரார் பயனைக் கொண்டு பெயரிட்டனர். அரசு கேட்டதோ பரப்பளவை. ஜமீன்களை ஒழித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் ‘முன்னாள் ஜமீன் கண்மாய்’ என்றொரு வகையும் ஏடுகளில் ஏறியது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டால் பொதுப்பணித் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்பது பொதுவிதி. (2021இல் நீர்வளத் துறை தனியே பிரிந்தது, விதியின் சாரம் மாறவில்லை.) ஆனால் மேற்கண்மாய் மறுகால் பாய்ந்தால்தானே கீழ்க்கண்மாய் பெருகும்? சங்கிலியில் ஒரு கண்மாய் ஒன்றியத்திடம், அடுத்தது துறையிடம். இடையிலுள்ள வரத்துக்கால் தூர்ந்தால் சம்சாரி யாரிடம் போய் நிற்பது?